மந்திரம், ஒற்று, போர்: சண்டைக்காலச் சித்திரக்கதைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறு மாலைகளில் காமிக்ஸ் படிக்கிற கூட்டம் ஒன்று நடக்கிறது. பாய் விரித்து நடுவில் நாலு அட்டைப்பெட்டியை வைத்தால் அதுதான் நூலகம். கொஞ்ச நாளாகப் பிள்ளைகள் அடித்துப் பிடித்து வாங்குவது ஒரு தனி ரகம். உலகப்போர் நடந்துகொண்டிருக்கும், அதற்குள் ஓர் உளவாளி இருப்பார், அவர் தேடுவது ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய மந்திரப் பொருளாக இருக்கும். பிள்ளைகளும் அவர்களை அழைத்துப்போக வருகிற பெற்றோர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த ரகத்தை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

மூன்று விஷயம் ஒரே கதையில் வர வேண்டும். தேதி சொல்லக்கூடிய ஒரு நிஜப் போர், ரகசிய வேலை பார்க்கிற ஓர் ஆள், புராணத்திலிருந்தோ நாட்டுப்புறக் கதையிலிருந்தோ எழுந்து வந்த ஒரு சக்தி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வேறு கதை. பீரங்கியும் சிப்பாயும் மட்டும் இருந்தால் போர்க்கதை. மந்திரவாதி மட்டும் இருந்தால் மாயாஜாலக் கதை.

நல்ல உதாரணம் இத்தாலிக்காரர் ஹ்யூகோ பிராட் வரைந்த கோர்ட்டோ மால்டிஸ். அவன் ஒரு மாலுமி, 1967இல் முதலில் வந்தான். ஒரு கதையில் முதல் உலகப்போர் நடக்கும்போது இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் கற்களுக்கு நடுவே படுத்துத் தூங்குவான். பழங்கதை மந்திரவாதி மெர்லினும் பழைய கெல்டியத் தேவதைகளும் அங்கே கூடி, ஜெர்மன் படை தங்கள் மண்ணில் இறங்காமல் தடுக்க இவனை எழுப்புவார்கள். அதற்குப் பிறகு வருவது உளவாளிகளும் நீர்மூழ்கியும்தான். விழித்தபின் நடந்ததெல்லாம் நிஜமா கனவா என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்தச் சந்தேகத்தை பிராட் கடைசிவரை அவிழ்க்கவே மாட்டார். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

யார் இதைத் தொடங்கி வைத்தார்கள்?

ஒரே ஆளைக் காட்ட முடியாது. ஆனால் 1940, 1941 இரண்டு வருஷமும் முக்கியம். கேப்டன் அமெரிக்கா முதல் இதழ் 1941 மார்ச் தேதி போட்டு வந்தது. அட்டையிலேயே ஹிட்லர் முகத்தில் குத்து விழும். அமெரிக்கா போருக்குள் நுழைந்தது அந்த டிசம்பரில்தான், அதாவது ஜோ சைமனும் ஜாக் கர்பியும் தங்கள் அரசாங்கத்துக்கு முன்பே குத்திவிட்டார்கள். ஆனால் அது விஞ்ஞான மருந்தால் பலசாலியான ஆள், மந்திரம் கிடையாது.

மூன்றையும் ஒன்றாகக் கட்டியது வொண்டர் வுமன். 1941 முடிவில் வந்தவள். கிரேக்கப் புராணத்தின் அமேசான் பெண் வீராங்கனை, கையில் உண்மையைப் பேச வைக்கிற மந்திரக் கயிறு. அவள் காப்பாற்றுகிற ஸ்டீவ் டிரெவர் ராணுவ உளவுத்துறை அதிகாரி. அவளே டயானா பிரின்ஸ் என்ற பெயரில் அதே துறையில் வேலைக்குச் சேர்கிறாள். படைத்த வில்லியம் மார்ஸ்டன் ஒரு உளவியலாளர், பொய்யைக் கண்டுபிடிக்க ரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தவர். அந்த ஆராய்ச்சியும் மந்திரக் கயிறும் ஒரே மனதிலிருந்து வந்திருப்பதைப் பாருங்கள்.

அவ்வளவு சக்தி இருக்கிறவர்கள் ஒரே நாளில் போரை முடித்திருக்கலாமே?

மாடியில் இதைக் கேட்காத பிள்ளை இல்லை. அன்றைக்கு வரைந்தவர்களும் இதே கேள்வியில்தான் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

1940 பிப்ரவரியில் ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்காக சூப்பர்மேனைப் படைத்தவர்களே இரண்டு பக்கக் கதை ஒன்று செய்தார்கள். அவன் ஹிட்லரையும் ஸ்டாலினையும் காலரைப் பிடித்துத் தூக்கிப்போய் ஜெனீவாவில் உலக நீதிமன்றத்தின் முன்னால் நிறுத்துவான். ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் பத்திரிகைக்கு அது கடுங்கோபம், ஏப்ரலில் வசைபாடி எழுதியது. ஆனால் கதையில் முடிந்த போர் வெளியே முடியவில்லை. அமெரிக்காவும் போருக்குள் வந்தபின் 1942இல் செய்தித்தாள் தொடரில் வேறு வழி பிடித்தார்கள். கிளார்க் கென்ட் பட்டாளத்தில் சேரப் போகிறான். கண் பரிசோதனையில், பதற்றத்தில் சுவரை ஊடுருவி அடுத்த அறையில் இருக்கிற அட்டையைப் படித்துவிடுகிறான். கண் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

பிற்காலத்தில் இன்னொரு பதில் வந்தது, புராண வாசனையோடு. ஏசுவின் விலாவில் குத்தியதாக நம்பப்படும் புனித ஈட்டி ஹிட்லர் கையில் இருக்கிறது, அதன் சக்தியால் மந்திர வீரர்கள் ஐரோப்பாவுக்குள் கால் வைத்தால் அவன் வசமாகிவிடுவார்கள் என்று சூப்பர்மேன் இதழ்களை வெளியிடும் டி.சி. நிறுவனம் கதை கட்டியது. ஈட்டி நிஜமானது. வியன்னா அரண்மனையில் இருந்ததை 1938இல் நூரெம்பர்க்குக் கொண்டுபோனார்கள். 1945இல் அமெரிக்கப் படை கண்டெடுத்து, 1946 ஜனவரியில் வியன்னாவுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இந்தப் பதில்களில் எனக்கு ஈட்டிதான் உசத்தி. அதில் மந்திரத்துக்கு ஓர் எல்லைக்கோடு இருக்கிறது, தாண்டினால் என்ன இழப்பு என்பதும் தெரிகிறது. விலை கொடுக்காமல் கிடைக்கிற மந்திரம் பத்தாவது பக்கத்துக்குள் அலுத்துவிடும். பிள்ளைகளிடம் நான் ஓயாமல் சொல்வது இதைத்தான்.

தமிழில் எதிலிருந்து தொடங்கலாம்?

இரும்புக்கை மாயாவியிலிருந்து. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே அதுதான். மூலம் 1962இல் பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றில் வந்த தொடர், வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஜெசுஸ் பிளாஸ்கோ. ஒரு கை போய் இரும்புக்கை பொருத்திய ஆள் மீது மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். பிறகு அவர் நிழற்படையின் உளவாளி ஆகிறார்.

உலகப்போரும் புராணமும் இதில் இல்லை என்பது சரிதான். ஆனாலும் முதலில் இதைக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. மறைவதற்கு ஒவ்வொரு தடவையும் மின்சாரத்தில் கையை வைக்க வேண்டும். முழுதாக மறையவும் முடியாது, கை காட்டிக்கொடுத்துவிடும். ஓர் உளவாளிக்குக் கிடைத்த சக்தியே அவரை மாட்டிவிடவும் கூடும். இந்த ரகத்தின் மூச்சு அதில் இருக்கிறது.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். சம்பள நாளில் மூர் மார்க்கெட் வழியாக வருவார், கையில் ஒரு பழைய இதழ் இருக்கும். அவர் வாங்கிய மாயாவி ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. உள்ளங்கை அளவு. அட்டையின் மூலையில் ஏதோ வாடகை நூலகத்தின் ஊதா ரப்பர் ஸ்டாம்ப், நாள் வாடகை 10 பைசா என்று பேனாவில் எழுதியது. கடல்காற்றில் நடு பின் துருப்பிடித்து, அந்தக் காவி நிறம் இரண்டு பக்கத்துக்கு ஊறியிருக்கிறது. சரியாக மாயாவியின் இரும்புக்கை மேலேயே கறை. சின்ன வயதில் அது அச்சில் வந்த நிறம் என்றே நினைத்திருந்தேன்.

மாயாவிக்கு அப்புறம் லீ ஃபாக் படைத்த மந்திரவாதி மாண்ட்ரேக்கும் முகமூடி வீரர் வேதாளரும். மாண்ட்ரேக் 1934, வேதாளர் 1936. போர் வந்ததும் வேதாளர் தன் காட்டுக்குள் ஜப்பானியப் படையோடு மோதினார். தலைமுறை தலைமுறையாகச் சாகாத ஆள் என்று எதிரி நம்புவதே அவருடைய ஆயுதம். உண்மையில் அப்பனுக்குப் பின் மகன் அதே முகமூடியை மாட்டிக்கொள்கிறான், அவ்வளவுதான். அது மந்திரமில்லை, நானூறு வருஷமாகக் கட்டிக் காத்த ஒரு வதந்தி. உளவுத்துறைக்காரர் கேட்டால் தலையாட்டி ரசிப்பார்.

நாஜிகள் உண்மையிலேயே மந்திரப் பொருட்களைத் தேடினார்களா?

இதை நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

தேடியது உண்மை. எஸ்.எஸ். தலைவன் ஹிம்லர் 1935இல் ‘ஆனனர்பே’ என்ற ஆராய்ச்சி அமைப்பைத் தொடங்கினான். மூதாதையர் சொத்து என்று அதற்கு அர்த்தம். 1938-39இல் எர்ன்ஸ்ட் ஷேஃபர் தலைமையில் ஐந்து பேர் இந்தியா வழியாகத் திபெத் போனார்கள். 1940இல் ஸ்பெயின் போன ஹிம்லர் மொன்செராட் மலை மடத்துக்கும் போனான், ஏசு கடைசி விருந்தில் குடித்ததாகச் சொல்லப்படும் புனிதக் கிண்ணம் அங்கே இருக்கும் என்ற நம்பிக்கையில். காமிக்ஸ்காரர்களுக்கு இது அல்வா. மைக் மிக்னோலாவின் ஹெல்பாய் இதிலிருந்து கிளம்பியதுதான். 1944 டிசம்பரில் ரஷ்யச் சாமியார் ரஸ்புடினை வைத்து நாஜிகள் ஒரு சடங்கு செய்கிறார்கள், நரகத்திலிருந்து ஒரு குட்டிப் பேய் வந்து சேர்கிறது, அதை அமெரிக்கர்கள் எடுத்து வளர்க்கிறார்கள். கருப்பு மையை அந்த மாதிரி அள்ளிக் கொட்டி வரைபவர்கள் அபூர்வம்.

இப்போது இன்னொரு பக்கம். திபெத் போன ஐந்து பேரில் ஒருவர் புரூனோ பெகர், மானிடவியலாளர். திபெத்தில் மனிதர்களின் மண்டையையும் முகத்தையும் அளந்தார். 1943இல் அதே அளவுகோலோடு ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்குப் போய்க் கைதிகளைப் பொறுக்கினார். 86 யூதர்கள், எலும்புக்கூடு சேகரிப்புக்காக என்று கொல்லப்பட்டார்கள். எந்தப் பேயும் அவர் காதில் ஓதவில்லை. சம்பளம், பதவி, கையெழுத்து, ரயில் டிக்கெட் எல்லாம் இருந்தது.

அதனால் இந்த ரகத்தில் என்னால் ஏற்க முடியாத ஒன்று உண்டு. ஹிட்லர் செய்ததெல்லாம் ஏதோ ஒரு சாபக் கல்லின் வேலை என்று முடிகிற கதைகள். அப்படி எழுதினால் குற்றவாளி தப்பித்துவிடுகிறான், செத்தவர்கள் மந்திரத்துக்குப் பலியானவர்கள் ஆகிவிடுகிறார்கள். மந்திரம் கதைக்குள் வரட்டும், ஆனால் பழி மனிதன் மேலேயே இருக்க வேண்டும். பெட்டியில் அப்படிப்பட்ட இதழ் வந்தால் நான் ஒதுக்கி வைத்துவிடுவேன், பெரிய பிள்ளைகளிடம் மட்டும் காரணம் சொல்லிக் காட்டுவேன்.

எதிர்ப்பக்கத்தில் பிரிட்டிஷ்காரர்கள் மந்திரத்தை நம்பவில்லையா?

நம்பினார்களோ இல்லையோ, பயந்தார்கள். 1941 நவம்பர் 25 அன்று பார்ஹம் என்ற போர்க்கப்பல் மூழ்கியது. அரசாங்கம் செய்தியை இரண்டு மாதம் மூடி வைத்தது. அதற்குள் ஹெலன் டங்கன் என்ற குறிசொல்லும் பெண், அந்தக் கப்பலில் செத்த மாலுமி தன் முன்னால் வந்து நின்றதாகச் சொன்னாள். ரகசியம் எங்கே கசிந்தது என்று அதிகாரிகளுக்குக் கவலை. 1944இல், ரகசியமாகத் திட்டமிட்ட நார்மண்டிப் படையிறக்கத்துக்குச் சில மாதம் முன்பு, பிடித்து வழக்குப் போட்டார்கள். எந்தச் சட்டத்தில் என்றால் 1735ஆம் வருஷத்து மாந்திரீகச் சட்டத்தில். ஒன்பது மாதச் சிறை. இதைக் கேட்டதும் ஒரு பையன், “அக்கா, இது காமிக்ஸ் கதையா நிஜமா?” என்று இரண்டு தடவை கேட்டான்.

லூயி டி வோல் என்ற ஜோசியரையும் அவர்கள் வேலைக்கு வைத்திருந்தார்கள். ஹிட்லர் ஜாதகம் சரியில்லை என்று பேசுவதற்காக 1941இல் அமெரிக்காவுக்கே அனுப்பினார்கள்.

நம் ஊரில் இந்த மாதிரி ஏதாவது நடந்திருக்கிறதா?

வடசென்னைப் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

முதல் உலகப்போர். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக்கு வந்தது. ஊரில் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. உயர் நீதிமன்றக் கோபுர உச்சியில்தான் அப்போது கலங்கரை விளக்கம். துறைமுகத்தை ஒட்டிய பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மேல் குண்டு போட்டு, அரை மணி நேரத்தில் நூற்றுக்கு மேல் சுட்டுவிட்டு இருட்டில் மறைந்துவிட்டது. அந்தக் கப்பலுக்கு மூன்று புகைபோக்கி. பிரிட்டிஷ் கப்பல் மாதிரி தெரிவதற்காக நாலாவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நட்டுக்கொண்டு கடலில் திரிந்தது. மாறுவேடம் போட்ட கப்பல்! நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளிடம் அது அழிந்தது. ஆனால் “அவன் பெரிய எம்டன்” என்று இன்றைக்கும் சொல்கிறோம். செண்பகராமன் பிள்ளை அதில் வந்து வழிகாட்டினார் என்பது ஊரில் வளர்ந்த கதை, அவர் அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் இருந்து விடுதலை வேலை பார்த்துக்கொண்டிருந்தார். காமிக்ஸ் வரைகிறவர் இரண்டையும் அருகருகே வைக்கலாம், நிஜம் எது, ஊர் பேசியது எது என்று கட்டத்திலேயே தெரியும்படி.

அடுத்தது 1942 ஏப்ரல். 5ஆம் தேதி கொழும்பு, 6ஆம் தேதி விசாகப்பட்டினம் என்று ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதும் சென்னை காலியானது. அரசு அலுவலகங்களை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றினார்கள். மூர் மார்க்கெட் பின்னால் இருந்த உயிர்க் காலேஜில் (விலங்குக்காட்சிக்கு அதுதான் நம் பெயர், எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ்) சிங்கம், புலி, கரடி எல்லாவற்றையும் சுட்டுக் கொன்றார்கள், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் தெருவுக்கு வந்துவிடும் என்று. காலி நகரம், இருட்டடிப்பு, கூண்டுக்குள் துப்பாக்கிச் சத்தம். இதற்கு மேல் என்ன கற்பனை வேண்டும்?

அப்புறம் பழைய மத்திய சிறை. மலேயாவின் பினாங்கில் பிரிட்டிஷாருக்கு எதிரான ஒற்றுவேலைக்குப் பயிற்சி பெற்ற இந்திய இளைஞர்கள் சிலர் 1942இல் ஜப்பானிய நீர்மூழ்கியில் வந்து மலபார் கடற்கரையில் தானூர் அருகே இறங்கினார்கள். பிடிபட்டார்கள். அவர்களில் வக்கம் காதர் என்ற 26 வயது இளைஞரை, வேறு மூவரோடு, 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரம். சிறை 2006இல் புழலுக்குப் போய்விட்டது, பழைய கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். இந்த நால்வரையும் பற்றி யாராவது ஒரு சித்திரக்கதை வரைய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதில் மந்திரம் வேண்டாம். வேண்டுமென்றால் கடல் மட்டும் பேசட்டும்.

நம் இலக்கியத்தில் உளவும் மந்திரமும் சேர்ந்து வருகிறதா?

மணிமேகலையைப் படியுங்கள். மணிபல்லவத்தில் மணிமேகலா தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரம் தருகிறது. வேற்றுருவம் எடுக்கலாம், வானில் போகலாம், பசி தாங்கலாம். ஓர் உளவாளிக்குத் தேவையான மூன்றும் அதேதான். மாறுவேடம், தப்பிக்கும் வழி, சோறு இல்லாமல் தாக்குப்பிடிக்கும் உடம்பு. காயசண்டிகை என்ற பெண்ணின் உருவத்தில் அவள் புகாரில் சோறு போடுகிறாள். காயசண்டிகையின் கணவனே ஏமாந்து, மணிமேகலையைத் தேடி வந்த இளவரசன் உதயகுமரனை வாளால் வெட்டிவிடுகிறான். வேடம் பலித்ததால் வந்த சாவு. பிறகு அரசி அவளைச் சிறையில் பட்டினி போடும்போது மூன்றாவது மந்திரம் காக்கிறது. ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு வேலை, ஒரு விலை. சாத்தனார் கட்டம் பிரித்துக் கொடுத்தமாதிரியே இருக்கிறது.

புறநானூற்று 47ஆம் பாட்டின் பின்னணி இன்னும் பதற்றமானது. இளந்தத்தன் என்ற புலவர் சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வருகிறார். அவனோடு பகையில் இருந்த நெடுங்கிள்ளி ஒற்றன் என்று நினைத்துக் கொல்லப் போகிறான். கோவூர்கிழார் ஒரு பாட்டுப் பாடிக் காப்பாற்றுகிறார். பரிசிலுக்காக ஊர் ஊராக அலைகிறவர்கள் பிறருக்குத் தீங்கு நினைப்பார்களா என்பதுதான் வாதம். கதை எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் விடுகிற சவால்: அவர் நிஜமாகவே ஒற்றனாக இருந்திருந்தால்?

வள்ளுவரோ ஒற்றாடல் என்று பத்துக் குறளே எழுதியிருக்கிறார். ஒற்றர்கள் ஒருவரையொருவர் அறியாமல் வைத்திரு, மூவர் சொல் ஒத்தால் நம்பு என்கிறார். அடுத்த கேள்விக்கான பதிலிலும் இது வரும்.

பெண்கள் நாயகியாக வருகிற கதை சொல்லுங்கள்.

நூர் இனாயத் கான். திப்பு சுல்தான் வம்சத்தில் வந்தவர். 1939இல் இருபது ஜாதகக் கதைகளை, அதாவது புத்தரின் முற்பிறவிக் கதைகளை, குழந்தைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதிப் புத்தகமாக்கினார். அதில் ஒன்று, தன் கூட்டம் தப்பிக்கத் தன் உடம்பையே பாலமாக்கி உயிர்விடுகிற குரங்கரசன் கதை. 1943 ஜூனில் பிரிட்டனின் ரகசிய அமைப்பு அவரை ரேடியோ இயக்குபவராகப் பாரிசுக்கு அனுப்பியது. பெண்களில் அந்த வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான். போய்ச் சேர்ந்த சில நாளிலேயே அங்கிருந்த உளவு வலை மொத்தமாகப் பிடிபட்டது. ஒருவரை ஒருவர் அதிகம் அறிந்திருந்ததால் ஒரு நூலை இழுத்ததும் எல்லாம் அவிழ்ந்தது. திரும்பி வா என்றபோது மறுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாறி, மாதக்கணக்கில் செய்தி அனுப்பினார். அக்டோபரில் பிடித்தார்கள். 1944 செப்டம்பர் 13 அன்று டாகவ் வதைமுகாமில் கொன்றார்கள்.

குரங்கரசன் கதையையும் அந்த ரேடியோப் பெட்டியையும் ஒரே பக்கத்தில் வரைந்தால் போதும். ஓர் எழுத்து வசனம் வேண்டாம்.

திருவொற்றியூர்ச் சாமியை எல்லாம் காமிக்ஸில் போட்டால் தெய்வக்குற்றம் ஆகாதா?

இதைக் கேட்டவர் மகளைக் கூட்டிப்போக வந்த ஓர் அம்மா. நியாயமான கேள்வி. சாமியைக் கொண்டுபோய்த் துப்பாக்கி தூக்க வைத்தால் எனக்கும் பிடிக்காது. ஆனால் தலத்துக் கதையே உளவுக்கதையாக இருந்தால்?

சுந்தரர் சங்கிலியாரிடம் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். சன்னிதியில் செய்தால் தட்டமுடியாது என்று பயந்து, அந்த நேரம் மகிழ மரத்தில் போய் இருங்கள் என்று சிவனிடமே ரகசியமாகக் கேட்டுக்கொள்கிறார். சிவன் சரி என்று சொல்லிவிட்டு, சங்கிலியார் கனவில் போய் அந்தப் பக்கமும் சேதி சொல்லிவிடுகிறார்: மகிழ மரத்தடியில் சத்தியம் வாங்கு என்று. சுந்தரர் வேறு வழியில்லாமல் அங்கேயே சத்தியம் செய்கிறார். பிறகு மீறி ஊர் எல்லை தாண்டியதும் கண் பார்வை போகிறது. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. ரகசியம், இரண்டு பக்கமும் போன தகவல், மீறினால் விலை. பக்தியோடு வரைந்தால் குற்றம் ஒன்றுமில்லை என்று சொன்னேன். அந்த அம்மா யோசித்துவிட்டு, “பட்டினத்தாரையும் வரையச் சொல்லுங்க” என்றார். கடற்கரைப் பிள்ளைகளோடு விளையாடி, என்னைக் கவிழ்த்து மூடுங்கள் என்று சொல்லி, திறந்தால் வேறு இடத்தில் நின்று, கடைசியில் லிங்கமாகவே ஆகிவிட்டவர். சமாதி அங்கேதான், கடலைப் பார்த்து.

எத்தனை வயதில் கொடுக்கலாம்?

மாயாவி, வேதாளர் எட்டு வயதுக்கே சரி. ஹெல்பாய் மாதிரியானவை பதினைந்துக்கு மேல். ஸ்வஸ்திகா பற்றி மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். சௌகார்பேட்டையில் கடை வாசலில் மங்கலமாகப் போட்ட குறியையும், கதையில் கொலைகாரன் கையில் கட்டியதையும் பிள்ளை ஒரே நாளில் பார்க்கும், குழம்பும்.

என் மகன் 1942 சென்னையை வரைய ஆசைப்படுகிறான். எதைக் கவனிக்க வேண்டும்?

தெருவில் டிராம் போட வேண்டும், 1953 வரை ஓடியது. கலங்கரை விளக்கம் உயர் நீதிமன்றத்தின் மேலே, மெரினாவில் இல்லை. காசிமேட்டில் இன்றுள்ள மீன்பிடித் துறைமுகம் கிடையாது, மணலில் கட்டுமரம்தான். பெரம்பூர்ப் பக்கம் பின்னி மில்லில் பட்டாளத்துக்குக் காக்கித் துணி நெய்தார்கள். பக்கிங்ஹாம் கால்வாயில் படகு போகும். அந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள்: மில்லில் தறி ஓட்டுகிறவருக்குப் பட்டாளத்தின் நடமாட்டம் தெரியும், படகுக்காரர் யார் கண்ணிலும் படாமல் எண்ணூர் வரை போவார்.

இருட்டடிப்பு இரவு என்றால் பக்கம் முழுக்கக் கருப்படித்துவிட வேண்டாம். நிலா எங்கே என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஓர் ஓரத்தில் மட்டும் வெள்ளை விடுங்கள். மாடியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ராயபுரம் ஸ்டேஷனை அப்படி வரைந்தாள். தூண்கள் ஆறுதான் வெள்ளையில், மற்றதெல்லாம் மை. ஐந்தாவது தூணுக்குப் பின்னால் ஒரு செருப்பின் நுனி.

பழைய இதழ்கள் எங்கே கிடைக்கும்?

மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்துவிட்டது. பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்தில் பழைய புத்தகக் கடைகள் உண்டு, பொறுமை இருந்தால் தேடலாம். புது அச்சில் லயன், முத்து இதழ்கள் சிவகாசியிலிருந்து இன்றும் வருகின்றன. சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்குவது சுலபம். பழைய ஒரே இதழுக்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். படிக்கத்தான் வேண்டும் என்றால் மறுபதிப்பு போதும்.

வெள்ளத்தில் நனைந்த காமிக்ஸைக் காப்பாற்ற முடியுமா?

2023 டிசம்பர்ப் புயலில் எங்கள் கீழ்ப்பெட்டி இரண்டும் மூழ்கின. அப்போது கற்றது. ஈரமாக இருக்கும்போது பக்கங்களைப் பிரிக்காதீர்கள், கிழிந்துவிடும். முதலில் தண்ணீர் தானாக வடியட்டும். பிறகு பத்துப் பக்கத்துக்கு ஒன்றாக டிஷ்யூ தாளோ மை இல்லாத வெள்ளைத் தாளோ செருகி, ஃபேன் காற்றில் படுக்க வையுங்கள், தாளை அடிக்கடி மாற்றுங்கள். வெயில் கூடாது, தாள் சுருண்டு மஞ்சளாகும். முக்கால்வாசி காய்ந்ததும் கனமான பலகை வைத்து அழுத்துங்கள். துருப்பிடித்த பின்னை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே ஓட்டையில் பருத்தி நூல் கோத்துக் கட்டுங்கள். மழுமழு ஆர்ட் தாள் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. பழைய நியூஸ்பிரிண்ட் இதழ்கள் பெரும்பாலும் பிழைத்துவிடும். அப்பாவின் மாயாவியும் அப்படித்தான் பிழைத்தது, இப்போது நடுவில் வெள்ளை நூல்.